இசைநிறையும் கையுறையும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென நண்பர்கள் பணித்தபோது, இலக்கணத்தைப் பற்றியே யாம் எழுதுவோமென எண்ணியிருத்தல் கூடும். யாம் எழுதப் புகுவதோ இறப்பர்க் கையுறையைப் பற்றி. ஆயினும் இலக்கணம் இதற்குப் புறம்பன்று.

செய்யுளில் பொருளின்றி ஓசை நிறைத்தற்கு வரும் சொல்லை இசைநிறை என்பர் இலக்கணிகள். கையுறைத் தொழிலிலும் அத்தகையதொன்று உண்டு. அதனை நிரப்பி என்பர். சுண்ணக்கல், வெண்களிமண் முதலிய கனிப்பொருள்களின் நுண்தூளே அது. வெண்களிமண் நம் நாட்டில் பொரலஸ்கமுவையிலும் மீட்டியாகொடையிலும் கிடைப்பது.

எம் அக்கரப்பத்தனையின் குளிர் இறப்பர் மரத்துக்கு ஒவ்வாது. 1876இல் கடல் கடந்து வந்து ஹெனரத்கொடைத் தோட்டத்தில் வேரூன்றிய அம்மரம், களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளிலேயே செழித்தது. அதன் பாலைக் கையுறையாக்கும் டிப்ட் புரொடக்ட்ஸ் நிறுவனம் 1976இல் இங்குத் தோன்றியது. இன்று மரத்துப் பாலோடு, பெற்றோலிய வழிவந்த நைத்திரைல் என்னும் செயற்கைப் பாலும் உலகெங்கும் கையுறையாகின்றது. எண்ணெய்க்கு அது நன்கு ஈடுகொடுக்கும்.

பீங்கானாலான கை அச்சைக் கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, பின்னர்ப் பாலில் தோய்ப்பர். உறைந்த படலத்தைக் கழுவி, உலர்த்தி, சூட்டில் பதப்படுத்தி உரித்தெடுப்பர். நிரப்பியை உலர்தூளாகப் பாலிற் கொட்டலாகாது. அது நீரை உறிஞ்சிப் பாலைத் திரைத்துவிடும். நீரில் நன்கரைத்துக் குழம்பாக்கியே சேர்த்தல் வேண்டும். பருமணிகள் இருப்பின் அடியிற் படியும். படலத்தில் நுண்துளைக்கும் இடஞ்செய்யும்.

அளவோடு சேர்ப்பின் விலை குறையும். கையுறை சற்று விறைப்பும் பெறும். அளவு மிகின் இழுவலிமையும் நீட்சியும் குன்றும். டயரிலே கரித்தூள் வலிவூட்டுவது போல, பாலிற் சேர்த்த களிமண் வலிவூட்டுவதில்லை. சுண்ணக்கல்லையோ அமிலம் கரைத்துவிடும். முட்டையோட்டை வினாகிரியில் இட்டுப் பார்த்த மாணவர் இதனை அறிவர்.

இதனை யாம் எழுதுவது ஏன்? எம் மாணவர் பலரின் தந்தையர் தேயிலை மலையில் களைகொல்லி மருந்தடிப்பவர். அவருள் ஒருவர் மலிவாக வாங்கிய கையுறை, இரண்டாம் நாளே விரலிடுக்கிற் கிழிந்தது. கொப்புளம் கண்ட கையோடு பாடசாலைக்கு வந்தவர், மகனின் பத்திரத்தில் ஒப்பமிட எழுதுகோலைப் பிடிக்க இயலாது நின்றார். கையுறை கிழிவதற்குக் காரணம் பல. நிரப்பி மிகுதலும் அவற்றுள் ஒன்று.

கையுறையை எரித்துச் சாம்பலை நிறுத்தால் கனிப்பொருளின் அளவு புலப்படும். ஆயினும் ஒரு சோடி வாங்கும் தொழிலாளி எதனை எரித்துப் பார்ப்பார்? இசைநிறை மிகுந்த பாட்டு செவியை மட்டுமே வருத்தும். நிரப்பி மிகுந்த கையுறையோ கையையே வருத்தும். நம் கல்லூரியில் இரசாயனவியல் பயின்று ஆலைகளில் அமரும் இளைஞர், நிரப்பியை நிறுக்கும்பொழுது அதனை அணியும் கையையும் நினைப்பாராக.