பின்னால் உட்கார்ந்திருந்த சார்லி

ரோலிங் ஸ்டோன்ஸ் பத்தி எழுதப்போறேன்னு சொன்னதும் நண்பர் ஒருத்தர், "அந்த நாக்கை நீட்டுற கோஷ்டியா?"ன்னு கேட்டார். அதே கோஷ்டிதான் :-) அந்தச் சிவப்பு நாக்கைப் பனியன்ல பார்க்காதவங்க கம்மி. அடுத்தபடியா மிக் ஜாகரைத் தெரியும். கொஞ்சம் பாட்டுக் கேட்டவங்களுக்கு கிடார் கீத் ரிச்சர்ட்ஸையும் தெரியும். இந்தப் பதிவு அவங்களைப் பத்தி இல்லை. பின்னால் டிரம்ஸில் உட்கார்ந்திருந்த சார்லி வாட்ஸைப் பத்தி.

ஏன் அவரு? கல்லூரி நாட்களில் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுவோடு காங்கோ வாசிச்சவன் நான். நோட்டீஸில் பாடகர் பேரு கொட்டை எழுத்தில் இருக்கும். நாங்க எல்லாம் "மற்றும் குழுவினர்". அதனால எந்தக் கச்சேரியைப் பார்த்தாலும் கண்ணு முதல்ல பின்வரிசைக்குத்தான் போகும்.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா கதை. 1961 அக்டோபர். லண்டனை ஒட்டிய டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையம். மிக் கையில் சக் பெர்ரி, மட்டி வாட்டர்ஸ் இசைத்தட்டுகள். சின்ன வயசுல கூடப் படிச்ச கீத் அதைப் பார்த்துட்டுப் பேச்சுக் கொடுக்கிறார். அடுத்த வருஷம் ஜூலை 12, மார்க்கீ கிளப்பில் முதல் கச்சேரி. பிரையன் ஜோன்ஸ் குழுவுக்கு வெச்ச பேரு, மட்டி வாட்டர்ஸோட ஒரு பாட்டிலிருந்து எடுத்தது.

சார்லி வந்து சேர்ந்தது 1963 ஜனவரியில். விளம்பர நிறுவனத்தில் படம் வரையற உத்தியோகம். மனசு முழுக்க ஜாஸ். சார்லி பார்க்கர் மேல இருந்த பிரியத்தில் ஒரு குட்டிப் படக்கதைப் புத்தகமே போட்டவர். அப்படிப்பட்ட ஆளு உலகத்திலேயே பெரிய ராக் குழுவில் 58 வருஷம் குப்பை கொட்டினார்.

அவர் வாசிப்பில் அப்படி என்ன விசேஷம்? சாதாரணமா ராக் டிரம்மர்கள் வலது கையால ஹை-ஹாட்டை விடாமத் தட்டிக்கிட்டே இருப்பாங்க. இடது கை ஸ்னேர்ல விழும்போதும் வலது கை நிக்காது. சார்லி அந்த நேரத்தில் வலது கையைத் தூக்கிடுவார். ஸ்னேர் அடி மட்டும் தனியா, சுத்தமா விழும். நம்ம ஊர் மிருதங்கக்காரங்களைக் கேட்டவங்களுக்கு இது உடனே புரியும். எங்கே வாசிக்கணும்கிறதை விட எங்கே கையை எடுக்கணும்னு தெரியறதுதான் பெரிய வித்தை.

இன்னொரு சூட்சுமம் பேஸ் வாசிச்ச பில் வைமன் சொன்னது. மத்த குழுக்களில் எல்லாரும் டிரம்மரைப் பின்தொடர்வாங்க. இங்கே டிரம்மர் கீத்தைப் பின்தொடர்வார். அதனால ஒரு மயிரிழை தாமதம். இப்பவோ அப்பவோ விழுந்துடும்கிற மாதிரி தள்ளாடும், ஆனா விழாது. 1969ல் வந்த 'ஹாங்கி டாங்க் விமன்' கேட்டுப் பாருங்க. முதல்ல மணி மாதிரி கேக்குறது தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர் தட்டின கவ்பெல். அப்புறம் சார்லி உள்ளே நுழையற இடத்தில் ஒரு சின்ன இடறல் வரும். அந்த இடறல் இல்லாட்டி பாட்டே இல்லை.

அதே வருஷம் வந்த இன்னொரு பாட்டின் தாளம் சார்லிக்குப் பிடிபடலை. அதே மில்லரே உட்கார்ந்து வாசிச்சார். அதுக்காக சார்லி முகத்தைத் தூக்கி வெச்சுக்கலை. ஆனா மரியாதை விஷயத்தில் மனுஷன் கறார். 1984ல் ஆம்ஸ்டர்டாமில் நடந்ததை கீத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கார். குடிபோதையில் மிக் விடியக்காலையில் போன் போட்டு "எங்கே என் டிரம்மர்?"னு கேட்டாராம். சார்லி சவரம் பண்ணி, கோட்டு சூட்டு மாட்டி, டை கட்டி இறங்கி வந்து விட்டார் ஒரு குத்து! நான் உன் டிரம்மர் இல்லை, நீதான் என் பாடகன்கிற அர்த்தத்தில் நாலு வார்த்தையும். "மற்றும் குழுவினர்" சார்பா நான் எழுந்து நின்னு கைதட்டின இடம் இது.

பிரையன் 1969ல் இறந்தார். மிக் டெய்லர் 1974ல் விலகினார், வைமன் 1993ல். சார்லி நகரலை. 1964ல் கட்டின மனைவியோடயே கடைசிவரை வாழ்ந்தார். ஊர் ஊராப் போனப்போ தங்கின ஓட்டல் அறைகளின் படுக்கைகளை வரைஞ்சுக்கிட்டே இருந்தார். 2021 ஆகஸ்ட் 24 அன்னிக்குக் காலமானார். வயசு 80. ஒரு மாசம் கழிச்சு செயின்ட் லூயிஸில் கச்சேரி. ஸ்டீவ் ஜோர்டான் வாசிச்சார். ஆரம்பத்தில் யாருமே இல்லாத மேடை, திரையில் சார்லியின் படங்கள், டிரம்ஸ் சத்தம் மட்டும்.

"இனிமே இது ஸ்டோன்ஸே இல்லை"ன்னு சொன்ன ரசிகர்கள் உண்டு. முதலில் நானும் அந்தக் கட்சிதான். ஜோர்டான் அபாரமான வாசிப்பாளர், அதில் சந்தேகம் இல்லை. ஆனா அந்தத் தள்ளாட்டம் இவரோடது இல்லையே. 2023ல் 'ஹாக்னி டயமண்ட்ஸ்' வந்தது. அதில் ரெண்டு பாட்டு சார்லி ஏற்கெனவே வாசிச்சு வெச்சது. கேட்கும்போது அந்த ரெண்டுல மட்டும் என் கால் தானாத் தட்டுச்சு.

ஆனா என் மனசை மாத்தினது கடைசிப் பாட்டு. குழுவுக்குப் பேர் கொடுத்த அதே மட்டி வாட்டர்ஸ் பாட்டு. மிக்கும் கீத்தும் மட்டும். ஒரு கிடார், ஒரு மவுத் ஆர்கன், ஒரு குரல். டிரம்ஸே கிடையாது. சார்லி இடத்தை யாரைக் கொண்டும் நிரப்பாம காலியாவே விட்டுட்டாங்க. ஒருத்தர் இல்லைங்கிறதை இதைவிட மரியாதையாச் சொல்ல முடியும்னு எனக்குத் தோணலை.

கொசுறு: 2003 ஏப்ரலில் பெங்களூரிலும் மும்பையிலும் ஸ்டோன்ஸ் வாசிச்சாங்க, சார்லியோடுதான். நேர்ல பார்த்தவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்தில் சொல்லுங்க. மிக் ஆடினதை விடுங்க, பின்வரிசையைப் பத்திச் சொல்லுங்க.