அத்தாவின் தோல் காலுறை



கீழ்க்கட்டளையில் மார்கழிக் காலையின் குளிர் 20 டிகிரிக்கு இறங்கினாலே அத்தா மஃப்ளரைத் தேடுவார். அம்மா மவுத்தான பின் அவரைத் தனியே விட மனமின்றி, சென்ற டிசம்பரில் டொராண்டோவின் ஸ்கார்பரோவுக்கு, என் வீட்டிற்கு அழைத்து வந்தேன்.

முதல் பனி விழுந்த அன்று படம்பிடித்து ஊரிலுள்ள உறவினர்க்கெல்லாம் அனுப்பினார். அந்த மகிழ்ச்சி ஒரு வாரமே நீடித்தது. இங்கு டிசம்பர்க் கடைசியில் பகல் ஏறக்குறைய 9 மணி நேரம்தான். லுஹர் தொழுது சற்றே சாய்ந்தால் அஸர். மாலை ஐந்துக்கு முன்பே மஃரிப். ஒவ்வொரு ஒளூவிலும் கால் கழுவி, ஈரம் உலருமுன் பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிடுவார். வீட்டினுள்ளோ ஹீட்டரின் வறண்ட காற்று. இரண்டே வாரத்தில் குதிகால் வெடித்து இரத்தம் கசிந்தது.

தோல் காலுறை வாங்கித் தந்தேன். அவர் தொடவில்லை. “அறுபது வருஷமா கழுவுன கால்ப்பா இது. சலுகையெல்லாம் சோம்பேறிக்கு” என்றார். ஓர் இரவு, “இங்கே என் தொழுகை குறையாகுது. என்னை ஊருக்கு அனுப்பிடு” என்றார். ஆளில்லாத வீட்டிற்கு அவரை எப்படி அனுப்புவது?

அடுத்த ஜும்ஆவுக்குப் பின் இமாமிடம் அழைத்துச் சென்றேன். அவர் தபூக் பயண நிகழ்ச்சியை எடுத்துரைத்தார். முகீரா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் காலுறையைக் கழற்றக் குனிந்தபோது, தூய்மையான நிலையில் அணிந்தவை என்பதால் விட்டுவிடுமாறு கூறி, அவற்றின் மீதே நபியவர்கள் மஸ்ஹு செய்தார்கள்.

சட்டங்களையும் விளக்கினார். முழுமையாக ஒளூச் செய்த பிறகே காலுறை அணிய வேண்டும். அது கணுக்காலை மூட வேண்டும். மெல்லிய பருத்திக் காலுறை ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் போதாது. ஈரக் கையால் மேற்புறத்தைத் தடவ வேண்டும். ஊரில் தங்கியிருப்பவருக்கு ஒரு பகலும் ஓர் இரவும், பயணிக்கு மூன்று பகலும் மூன்று இரவும் அனுமதி. அணிந்தபின் முதன்முதலில் ஒளூ முறியும் நேரத்திலிருந்து அது கணக்காகும். குளிப்பு கடமையானால் கழற்றியே ஆக வேண்டும்.

திரும்பும் வழியெல்லாம் அத்தா பேசவில்லை. வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றியபடி மெல்லச் சொன்னார்: “கழுவச் சொன்னதும் அவன்தான், தடவ அனுமதிச்சதும் அவன்தான். என் பழக்கத்தையே நான் வணக்கம்னு நினைச்சுட்டேன்.”

அல்ஹம்துலில்லாஹ், ஜனவரியில் குதிகால் ஆறியது. ஊருக்குப் போகும் பேச்சையும் விட்டுவிட்டார். சமையலறை நாட்காட்டியில் இப்போது அவருடைய கையெழுத்தில், ஒளூ முறிந்த நேரம் நாள்தோறும் பதிவாகிறது.

பனி நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரே, கம்பளிச் சட்டையோடு இந்தச் சட்டத்தையும் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள். நீங்கள் அங்கு செல்லும்போது உங்களுக்கும் அது உதவும், இன்ஷா அல்லாஹ்.