சும்மா இருந்தவர்கள்

போன மாதம் என் தாயாரை முழங்கால் வலிக்காக ஒரு டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இத்தனை நாள் என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டார் அவர்.

"வேலையா? நான் எங்கே வேலைக்குப் போனேன்! வீட்டிலே சும்மாத்தான் இருந்தேன்" என்றாள் அம்மா.

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் 'சும்மா' என்னை அரித்துக்கொண்டே வந்தது. காரணம் உண்டு. அந்த வாரம் முழுவதும் நான் சிரியா தேசத்து எலும்புகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

எலும்புக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மனிதன் வேட்டையை விட்டு விவசாயத்துக்கு வந்த காலத்தை வைத்து ஒரு கதை எழுத வேண்டும் என்று எனக்கு வெகு நாளாக ஆசை. கதாநாயகனைக்கூடத் தயார் செய்துவிட்டேன். திடகாத்திரமான வாலிபன். வில்லை வீசி எறிந்துவிட்டு, ஒரு பிடி விதையைக் கையில் எடுத்துக்கொண்டு, வெட்டவெளியைப் பார்த்தபடி கம்பீரமாக நிற்கிறான். விவரங்களுக்காகப் புத்தகங்களைப் புரட்டப் போனேன். கதாநாயகன் போன இடம் தெரியவில்லை.

யூப்ரடீஸ் நதிக்கரையில் அபு ஹுரேரா என்று ஒரு மேடு இருந்தது. நதியில் அணை கட்டினார்கள். தண்ணீர் ஏறி மேடு முழுகிப் போவதற்குள், 1972லும் 1973லும் ஆண்ட்ரூ மூர் என்பவரின் தலைமையில் அவசர அவசரமாகத் தோண்டிப் பார்த்தார்கள். அடியிலே சுமார் 13,000 வருஷங்களுக்கு முந்திய ஒரு குக்கிராமம் கிடந்தது. குழி வெட்டி, மேலே கூரை வேய்ந்து, அதற்குள் குடியிருந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் விதைத்து அறுத்தவர்கள் அல்லர். மான் அடித்தார்கள், நூற்றுக்கு மேற்பட்ட காட்டுச் செடிகளிலிருந்து விதைகளும் கனிகளும் சேகரித்துத் தின்றார்கள். எல்லாம் கைக்கெட்டிய தூரத்தில் கிடைக்கும்போது ஊர் ஊராக அலைவானேன்? தங்கிவிட்டார்கள். வயல் வந்த பிறகு வீடு வந்தது என்று நான் நினைத்திருந்தேன். இங்கே வீடு முதலில், வயல் பிறகு.

அப்புறம் சீதோஷ்ணம் மாறிற்று. குளிரும் வறட்சியும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் நீடித்தன. காட்டில் கிடைத்தது குறைந்து, வயிற்றுக்குப் போதாமல்தான் விதைக்கத் தொடங்கினார்கள் என்பது, அங்கே கிடைத்த விதைகளை ஆராய்ந்த கார்டன் ஹில்மனின் கட்சி. அதை எல்லா நிபுணர்களும் ஒப்புக்கொள்வதில்லை. எப்படியானாலும் ஒரே நாளில் நடந்த காரியம் அல்ல அது. காட்டுக் கோதுமைக் கதிர் முற்றினால் மணிகள் தாமாகவே உதிர்ந்துவிடும். எங்கோ ஒரு கதிர் மட்டும் உதிராமல் பிடித்துக்கொண்டிருக்கும். அறுத்துக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவரும்போது அந்தக் கதிர்தானே அதிகமாக வந்து சேரும்? அதையே மறுபடி விதைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக இப்படி நடந்ததில், மனிதன் இல்லாமல் பரவ முடியாத கோதுமை உண்டாயிற்று; கோதுமை இல்லாமல் பிழைக்க முடியாத மனிதனும் உண்டானான். யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை.

அறுப்பும் பெரிய கஷ்டமில்லை போலிருக்கிறது. 1966ல் ஜாக் ஹார்லன் என்ற அமெரிக்கத் தாவர நிபுணர், துருக்கியில் ஒரு மலைச்சாரலில் காட்டுக் கோதுமையைக் கல் அரிவாளால் அறுத்துப் பார்த்தார். மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ சுத்தமான தானியம் தேறிற்று. ஒரு குடும்பம் மூன்று வாரம் அறுத்தால் ஒரு வருஷத்துக்கு உண்டு மிஞ்சும் என்று கணக்குப் போட்டார். மூன்று வாரம் வேலை, பாக்கி நாளெல்லாம் ஓய்வு! என் கதாநாயகன் துள்ளிக் குதித்தான்.

அங்கேதான் எலும்புகள் குறுக்கே வந்து நின்றன. தானியத்தை அப்படியே வாயில் போட்டுக்கொள்ள முடியுமா? உமி போக்க வேண்டும், இடிக்க வேண்டும், அரைக்க வேண்டும். இதற்கு மூன்று வாரக் கணக்குக் கிடையாது. தினமும் உண்டு. பழைய குக்கிராமத்தின் மேலேயே பிற்காலத்தில் மண்கல் வீடுகளோடு ஒரு பெரிய உழவர் கிராமம் எழுந்தது. அங்கே புதைந்திருந்தவர்களின் எலும்புகளை லண்டனைச் சேர்ந்த தியா மோலிசன் என்ற பெண்மணி ஆராய்ந்து, 1994ல் ஒரு கட்டுரை எழுதினார். கால் கட்டைவிரல் மூட்டுத் தேய்ந்திருந்தது; முழங்காலிலும் அடிமுதுகிலும் சேதம். கால் விரல்களை மடக்கி ஊன்றி, மண்டியிட்டு, நம் அம்மிக்கு அக்காள் முறையாகும் ஒரு கல்லின்மேல் குனிந்து, நாள்தோறும் மணிக்கணக்காகத் தள்ளித் தள்ளி அரைத்ததன் அடையாளம் என்றார். பெரும்பாலும் அவை பெண்களின் எலும்புகள்.

எங்கள் சமையலறை மூலையிலும் ஓர் அம்மி இருக்கிறது. மிக்ஸி வாங்கிப் பல வருஷமாயிற்று. இருந்தும், "அம்மியில் அரைத்த துவையல் மாதிரி வருமா?" என்று நாக்கைச் சப்புக்கொட்டியவன் நானேதான். அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போவாள். கொஞ்ச நேரத்தில் துவையல் வரும். போன பொங்கல் வரையில் வந்தது.

அன்று சாயங்காலம், "அரைக்கிறபோதெல்லாம் கால் வலிக்கவில்லையா அம்மா?" என்று கேட்டேன்.

"வலிக்காமல் என்ன? அதுக்காகச் சாப்பிடாமல் இருப்பியா?" என்றாள்.

கதையை இன்னும் ஆரம்பிக்கவில்லை. வில்லை எறிந்த வாலிபனைப் போகச் சொல்லிவிட்டேன். இன்று மத்தியானம் மிக்ஸியில் அரைத்த துவையல். ருசி கொஞ்சம் மட்டம்தான். வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன்.