எண்ணெய் இருக்கா?

ஆஸ்பத்திரி வார்டுல கிராஷ் கார்ட்னு ஒரு தள்ளுவண்டி நிக்கும், பார்த்திருக்கீங்களா? ஷிப்ட் மாறும்போது சிஸ்டர் அதைச் சரிபார்ப்பாங்க. அட்ரினலின் காலாவதி ஆகலையா, லாரிங்கோஸ்கோப் பல்ப் எரியுதா, டீஃபிப்ரிலேட்டர்ல சார்ஜ் ஏறுதா. பெரும்பாலான நாள் அந்த வண்டிக்கு வேலையே இருக்காது. ஆனாலும் பார்த்துக் கையெழுத்துப் போடுவாங்க. இதயம் நின்னா 4-6 நிமிஷத்துல மூளை சேதமாக ஆரம்பிச்சிடும். அப்போ போய் பேட்டரி தேட முடியாது.

இயேசுவின் சீஷனா தினமும் ஆயத்தமா இருக்கிறதுன்னா என்னன்னு கேட்டா, எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது இந்த வண்டிதான்.

மத்தேயு 25-ல வர்ற பத்து கன்னிகைகள் உவமை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பலர் கவனிக்காத ஒண்ணு சொல்றேன். மணவாளன் வரத் தாமதமானப்போ பத்து பேருமே தூங்கிட்டாங்க, புத்தியுள்ள அஞ்சு பேரும் சேர்த்து! தூங்கினதுக்காக அந்தக் கதை யாரையும் குத்தம் சொல்லல. வித்தியாசம் பாத்திரத்துல இருந்த எண்ணெய்தான். 'கர்த்தர் எந்த நேரம் வருவாரோ'ன்னு பயந்து, தூக்கம் கெட்டு, பிபி ஏறி ஓபிக்கு வர்ற விசுவாசிகள் உண்டு. நல்லாத் தூங்குங்கம்மான்னுதான் சொல்லி அனுப்புவேன்.

அந்த எண்ணெயை நடுராத்திரியில கடன் வாங்கவும் முடியல. ஐடா ஸ்கடர் இளம்பெண்ணா இருந்தப்போ, ஒரே ராத்திரியில மூணு பேர் வந்து, பிரசவத்துல தவிக்கிற மனைவியைப் பார்க்கக் கூப்பிட்டாங்க. ஐடாவோட அப்பா டாக்டர், ஆனா ஆம்பளை பார்க்கக் கூடாதுன்னுட்டாங்க. ஐடாவுக்கு மனசு இருந்துச்சு, வைத்தியம் தெரியாது. விடியும்போது மூணு பெண்களும் உயிரோட இல்லை. அப்புறம் அமெரிக்கா போய் 1899-ல டாக்டராகி, 1900-ல ஒரே படுக்கையோட அவர் ஆரம்பிச்சதுதான் இன்னைக்கு வேலூர் சிஎம்சி.

என் தினசரி செக்லிஸ்ட் சின்னது. காலையில பத்து நிமிஷம் ஜெபம். ராத்திரி ஒரே கேள்வி: யாரோடயாவது பகையோட படுக்கப் போறேனா?

இந்தக் கேள்வியைக் கத்துக்கொடுத்தது ஐசியூ. கடைசி நேரத்துல சொத்தைப் பத்திப் பேசுறவங்க கம்மி. "தம்பியை வரச் சொல்லுங்க டாக்டர்"னுதான் கேட்பாங்க. சில தம்பிங்க வந்து சேரும்போது நாங்க டியூப் போட்டிருப்போம். கையைப் பிடிச்சுக்கலாம், பதில் வராது.

என் லிஸ்ட்லயும் ரெண்டு வருஷமா டிக் போட முடியாத ஒரு பேர் இருக்கு. எங்க சித்தப்பா, நிலத் தகராறு. மூணு தடவை போன் போட்டேன், எடுக்கல. இன்னைக்கு எனக்கு நைட் டியூட்டி. கிளம்புறதுக்கு முன்னாடி நாலாவது தடவை போட்டுப் பார்க்கணும்.