படி இல்லாத பாதை

(மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை)

ஓர் இடத்துக்குக் கிளம்பும்போது நீங்கள் எல்லாம் என்ன கேட்பீர்கள்? "எவ்ளோ தூரம்? எத்தனை மணிக்கு வண்டி?" அவ்வளவுதானே. நான் முதலில் கேட்பது வேறு. "எத்தனை படி?"

மலர்க் குழு நண்பர், "ஏதாவது எழுதிக் கொடுடா, ஆனா கவிதை வேணாம், ஏற்கெனவே நாற்பது வந்து கிடக்குது" என்றார். எனக்குக் கவிதை வராது. படிக் கணக்கு வரும். அதையே எழுதுகிறேன்.

என்னைத் தெரியாத ஜூனியர்களுக்காக ஒரு வரி. ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் ஒரு விபத்து. அன்றோடு என் இடது முழங்கால் மடங்குவதை நிறுத்திக்கொண்டது. வலது கையில் ஓர் ஊன்றுகோல். சமதரையில் உங்களோடு அரட்டை அடித்துக்கொண்டே நடந்து வந்துவிடுவேன். படி வந்தால்தான் கதை மாறும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது மடங்காத கால் முதலில் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலும் சேர்ந்து நின்று, அப்புறம்தான் அடுத்த படி. ஏறுவதுதான் கஷ்டம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஏறுவதில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். பயம் இறங்குவதில்தான் இருக்கிறது. பின்னால் ஒரு ரயில் கூட்டமே முட்டிக்கொண்டு வரும். கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் எல்லோரும் ஏறி வருவார்கள். "கொஞ்சம் தள்ளுங்க சார்" என்று முப்பது பேரிடம் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வண்டியே வந்துவிடும்!

வீடு காலடிப்பேட்டையில். அப்பா கொத்தனார், அம்மா நாலு வீட்டில் வேலை செய்கிறார். பத்தாவது தாண்டிய முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்த அன்று தெருவே வந்து விசாரித்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், "இன்னாப்பா இது, படி ஏற முடியாத புள்ள இன்னாத்த படிக்கப் போவுது? பேசாம ஜெராக்ஸ் கடைல உக்கார வெச்சிடு" என்றார். நல்ல மனுஷர்தான், தமாஷாகச் சொன்னார். அப்பாவும் சிரித்தார். மறுநாள் காலை வேலைக்குப் போகாமல், "வா, உன் காலேஜுக்கு எப்டிப் போறதுன்னு பாத்துட்டு வந்துடலாம்" என்று என்னோடு கிளம்பினார்.

முதலில் மின்சார ரயில். எங்கள் ஊருக்கு அதுதான் பழக்கம். சென்னையில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. டிக்கெட் பஸ்ஸைவிட மலிவு. ஆனால் வழியில் ஒரு நிலையத்தில் (பெயர் வேண்டாம்) பாலம் ஏறியபோது அப்பா பாதியில் நின்றுவிட்டார். குனிந்து, கையால் படியைச் சாண் போட்டுப் பார்த்தார். "இது ஏழு இஞ்சு இருக்குடா. ஆறுக்கு மேல வெச்சா கெழவன் கெழவி எப்டி ஏறுவாங்க?" என்றார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வீட்டுக்குப் படி கட்டியவர் அவர். எண்ணிக்கொண்டே ஏறினோம். மேலே போனதும் என் சட்டை நனைந்து போயிருந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை.

அந்தப் பாலம் ஏன் அவ்வளவு உயரம் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. தண்டவாளத்துக்கு மேலே 25,000 வோல்ட் மின்கம்பி போகிறது. அதற்கு இடைவெளி விட்டுத்தான் பாலம் கட்ட முடியும். நடைமேடையிலிருந்து பாலத்தின் தளம் சுமார் ஐந்தரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். படி ஒன்றுக்கு 150 மில்லிமீட்டர் என்றால் 37 படி. அந்தப் பக்கம் இறங்க இன்னொரு 37. சரி, சாய்தளம் போடலாமே என்பீர்கள். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1-க்கு 12 என்ற சரிவில் இருக்க வேண்டும் என்று நாம் படித்திருக்கிறோம். ஐந்தரை மீட்டர் ஏற 66 மீட்டர் நீளம். நடுவில் ஒன்பது மீட்டருக்கு ஒரு லேண்டிங் விட்டால் 76 மீட்டர் பக்கம் வந்துவிடும். ஏற்கெனவே கூட்டம் பிதுங்கும் நடைமேடையில் அதற்கு இடம் எங்கே? ஆகவே இரண்டு மீட்டர் சதுரத்தில் ஒரு லிஃப்ட். சிவில்காரனாகப் பார்த்தால் நியாயமான முடிவு. ஊன்றுகோல்காரனாகப் பார்த்தால் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சாய்தளத்துக்கு 'ரிப்பேர்' என்பதே கிடையாது. லிஃப்டுக்கு உண்டு.

பாலம் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. மின்சார ரயில் பெட்டியின் தளம் நடைமேடையைவிட உயரம். நடுவில் ஒரு சந்து. வண்டி நிற்பது அரை நிமிடம். மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பெட்டி இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது எங்கே வந்து நிற்கும் என்று தெரிந்து, சரியாக அந்த இடத்தில் முன்கூட்டியே நிற்க வேண்டும். பத்தடி தள்ளி நின்றால் அந்தப் பத்தடியை ஓடிக் கடக்க நம்மால் ஆகாது.

இரண்டாவதாக மெட்ரோ போய்ப் பார்த்தோம். சென்னையில் 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு - ஆலந்தூர் பாதையில் மெட்ரோ ஓடத் தொடங்கியது. எங்கள் பக்கம், விம்கோ நகர் வரை, 2021 பிப்ரவரியில்தான் நீண்டது. காலடிப்பேட்டையில் லிஃப்டில் ஏறினால் நடைமேடை. ரயிலின் தளமும் நடைமேடையும் ஒரே மட்டம். மண்ணடி, உயர் நீதிமன்றம், சென்ட்ரல், எல்.ஐ.சி., தேனாம்பேட்டை என்று பூமிக்கு அடியில் போய், சைதாப்பேட்டை தாண்டி வெளிச்சத்துக்கு வந்து கிண்டி. வண்டி மாற வேண்டாம். மறுபடி லிஃப்டு, ரோடு. மொத்தப் பயணத்தில் ஒரு படிகூட இல்லை! அப்பா இரண்டு தடவை, "அவ்ளோதானா?" என்று கேட்டார்.

டிக்கெட்டைப் பார்த்ததும்தான் முகம் மாறியது. மெட்ரோவில் தூரத்தைப் பொறுத்து 10 முதல் 50 ரூபாய் வரை கட்டணம். எனக்குப் போக வர எண்பது. மாதம் 24 நாள் என்றால் 1,920 ரூபாய். எங்கள் வீட்டு வாடகையே நாலாயிரம்!

அன்று இரவு வீட்டில் நடந்த கணக்கு வழக்கை முழுசாக எழுதினால் மலர் போதாது. மலிவான ரயிலில் படி. படி இல்லாத ரயிலில் காசு. அரசு டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிகளுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை. ஆனால் முதல் படியே என் முழங்கால் உயரம். அதோடு கிண்டியிலிருந்து பிராட்வே, பிராட்வேயிலிருந்து வீடு என்று மாறி மாறி வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அம்மாதான் கடைசியில் தீர்ப்புச் சொன்னார். "காத்தாலதானே லேட்டானா அட்டெண்டன்ஸ் போவும்? காத்தால மெட்ரோல போ. சாயங்காலம் பஸ்ல வா. சாயங்காலம் யார் உன்ன கேக்கப் போறாங்க?" மூன்று வருஷமாக இதுதான் என் பயணத் திட்டம். காலையில் படியே இல்லை. மாலையில் பஸ்ஸுக்கு மூன்று மூன்று படி, உட்கார்ந்தால் தூக்கம். சில தடங்களில் 2024 ஆகஸ்ட் முதல் தாழ்தளப் பஸ்கள் விட்டிருக்கிறார்கள். அது வரும் நாள் எனக்குத் தீபாவளி.

கல்லூரிக்கு வந்து போவது இப்படிப் பழகிவிட்டது. புது இடத்துக்குப் போவதில்தான் மண்டை காயும். செல்போன் வரைபடத்தைக் கேட்டால் 'ஆறு நிமிட நடை' என்று காட்டுகிறது. அந்த ஆறு நிமிடத்துக்குள் 37 படி ஒளிந்திருப்பது அதற்குத் தெரியாது. அதனால் நானே ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறேன். எந்த வாசலில் லிஃப்ட், கைப்பிடி எந்தப் பக்கம், வாசலுக்கு முன்னால் நடைபாதை எவ்வளவு உயரம் என்றெல்லாம். மெட்ரோவிலும் எல்லா வாசலிலும் லிஃப்ட் இருக்காது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நாம் நின்றால் லிஃப்ட் அந்தப் பக்கம் இருக்கும். அண்ணா சாலை மாதிரி ஒரு ரோட்டை ஊன்றுகோலோடு குறுக்கே கடப்பது முப்பது படி ஏறுவதற்குச் சமம் என்று என் நோட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. எந்த நிபுணரும் போட்ட கணக்கில்லை, நானே போட்டது!

திருவிழாவில் சீரியல் செட் கட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். ஒரு பல்பு போனால் மொத்தமும் அணைந்துவிடும். என் பயணம் அந்த மாதிரி. ஐந்து லிஃப்டில் நாலு ஓடினால் எனக்கு எண்பது சதவீத மார்க் கிடையாது. பூஜ்யம்தான். ஒரு முறை ஒரு நிலையத்தில் இறங்கிய பிறகுதான் 'பழுது' என்று எழுதிய அட்டையைப் பார்த்தேன். முன்னாடியே ஒரு அறிவிப்பு இருந்திருந்தால் வேறு நிலையத்தில் இறங்கியிருப்பேன். கேட்டதற்கு, "பக்கத்துலயே படி இருக்கே" என்றார் ஒருவர்.

அன்று நான் செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். படி ஏறவில்லை. அடுத்த வண்டியில் ஏறி மேலே போனேன். நடுமேடை உள்ள நிலையத்தில் இறங்கினேன். நடுமேடை என்றால் ஒரே மேடையின் இரு புறமும் போகும் வண்டியும் வரும் வண்டியும் நிற்கும். இறங்கி, திரும்பி நின்று, எதிர்ப்பக்கம் வந்த வண்டியில் ஏறித் திரும்பி வந்தேன். இப்போது அதே நிலையத்தில் எதிர் நடைமேடையில் இருக்கிறேன். அங்கே லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் போனது, முழங்கால் பிழைத்தது. சென்னை மெட்ரோவில் பூமிக்கு அடியில் இருக்கும் நிலையங்கள் பெரும்பாலும் நடுமேடை, மேலே தூணில் நிற்பவை பெரும்பாலும் பக்கமேடை. இதைத் தெரிந்து வைத்திருந்தால் பாதி ஆபத்து குறையும். உங்களுக்கு இல்லாவிட்டாலும் மூட்டு வலிக்கார பாட்டிக்கு, கர்ப்பமாக இருக்கும் அக்காவுக்கு, மூட்டையோடு ஊருக்குப் போகும் மாமாவுக்கு ஆகும். எங்கள் அம்மாவே இப்போது, "டேய், உன் நோட்டைப் பாத்து சொல்றா" என்று கேட்கிறார். நான் போடும் வழி அவருக்குப் போன வருஷத்திலிருந்து தேவைப்படுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1995-ல் ஒன்று, அதற்குப் பதிலாக 2016-ல் இன்னும் விரிவான ஒன்று. இந்த வசதிகளுக்கான விதிகளை 'செய்தால் நல்லது' என்று விட்டுவிட முடியாது, கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்புச் சொன்னது. அந்தச் செய்தியை வெட்டி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். நாளைக்கு நம்மில் பலர் ஏதாவது ஒரு சைட்டில் சூப்பர்வைசராக நிற்கப் போகிறோம். டிராயிங்கில் சாய்தளம் இருக்கும். கடைசி மாதம் பணம் இழுக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான் என்று அப்பா சொல்கிறார். அவர் முப்பது வருஷமாகப் பார்த்தவர்.

இப்போது என் முன்னால் ஒரு புது ரூட் நிற்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் வருகிற வாரம் புதன்கிழமை பத்து மணிக்கு இன்டர்வியூ. சம்பளம் அதிகமில்லை, ஆனால் டிராயிங் பிரிவு. கிடைத்தால் வீட்டில் மெட்ரோ கணக்கை மறக்கலாம். இரண்டு வழி யோசித்து வைத்திருக்கிறேன். ஒன்று, மெட்ரோவிலேயே சென்ட்ரல் போய் பச்சைப் பாதைக்கு மாறி திருமங்கலம். அங்கிருந்து ஆட்டோ. படி இல்லை, ஆட்டோக்காரர் சொல்வதுதான் விலை. இன்னொன்று, சென்ட்ரலில் மூர் மார்க்கெட் வளாகத்துப் புறநகர் ரயில். அங்கே தண்டவாளம் முடிந்துவிடுவதால் எந்த நடைமேடைக்கும் பாலம் ஏறாமல் நடந்தே போகலாம். ஏறுவது சுலபம். பட்டரவாக்கத்தில் வண்டி எந்த மேடையில் நிற்கும், வெளி வாசல் எந்தப் பக்கம், திரும்பும்போது எதிர் மேடைக்கு எப்படிப் போவது, இதெல்லாம் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. காலை ஏழு மணிக்குச் சென்ட்ரலில் சந்திப்பதாக மெக்கானிக்கல் நண்பன் ஒருவன் சொல்லியிருக்கிறான். பாலம் இருந்தால் அவன் ஏறி எண்ணிச் சொல்வான், நான் கீழே நின்று நோட்டில் எழுதிக்கொள்வேன். டிபன் மட்டும் என் செலவாம்.