இரண்டாவது கேம்

என் வண்டியின் இன்ஜின் ஹெட்டிலிருந்து வந்த சத்தத்தை டேப்பெட் சத்தம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மெக்கானிக் அண்ணன் வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். நீளமான திருப்புளி ஒன்றின் முனையை ஹெட்டின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினார். கால் நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"டேப்பெட்டுன்னா டிக் டிக்னு ஒரே சீராக் கேட்கும் தம்பி. இது அம்மியில கல்லு அரைபடுற மாதிரி கேட்குது. கேம் போச்சு."

"போன வருஷம்தானே அண்ணே வேற இடத்துல புதுசு போட்டேன்?"

"அதுதான் எனக்கும் யோசனையா இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியை நிறுத்தினார்.

அப்பா 2005இல் வாங்கிய ஸ்ப்ளெண்டர் ப்ளஸ் அது. 97.2 சிசி. அவர் அதில்தான் வேலைக்குப் போனார், என்னைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் விட்டார். விற்கும் எண்ணம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. இந்த முறை அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று என் கையாலேயே பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. தயங்கித் தயங்கிக் கேட்டேன். அண்ணன் யோசிக்கவே இல்லை. "ஞாயித்துக்கிழமை கடை லீவு. உங்க வீட்டுலயே வச்சுக் கழட்டுங்க, நான் பக்கத்துல உட்கார்றேன்" என்றார். ஒரு துண்டுச் சீட்டில் வாங்க வேண்டியதை எழுதிக் கொடுத்தார்: கேம், ராக்கர் இரண்டு, பேக்கிங் செட், ஓ ரிங், ஆயில்.

புதுப்பேட்டையில் பழையது கிடைக்குமே என்றேன். டேங்க், ரிம், மட்கார்டு என்றால் அங்கே போகலாம், அவரும் போவாராம். ஆனால் பழைய கேம், வால்வை அமுக்கும் வேறொரு ராக்கரோடு உரசி உரசித் தனக்கென்று ஒரு முகத்தைத் தேய்த்து வைத்திருக்கும். அதைக் கொண்டுவந்து என் வண்டியில் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்னும். அதனால்தான் கேமை மாற்றும்போது ராக்கரையும் சேர்த்து மாற்ற வேண்டும். சனிக்கிழமை ஜி.பி. ரோட்டுக்குப் போய்ச் சீட்டில் இருந்ததையெல்லாம் புதிதாகவே வாங்கி வந்தேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு, வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்தோம். கூடவே அண்ணனிடம் வேலை பழகும் பையனும் வந்திருந்தான். ஐ.டி.ஐ. முடித்தவன். முதல் ஒரு மணி நேரம் அண்ணன் என்னை ஸ்பேனரைத் தொடவே விடவில்லை. டீசலும் பிரஷ்ஷும் கொண்டு ஹெட்டைச் சுற்றிக் கழுவச் சொன்னார். வெளியே இருக்கிற மண் உள்ளே போனால் புதிய கேமுக்கு அதுவே எமன். பரமக்குடிப் பக்கத்திலிருந்து 1989இல் சென்னைக்கு வந்தவர் அவர். முதல் மூன்று மாதம் கழுவுகிற வேலை மட்டும்தான் கொடுத்தார்களாம். "கழுவும்போதுதான் தம்பி எது எங்க விரிசல் விட்டிருக்கு, எங்க ஆயில் கசியுதுன்னு கண்ணுக்குப் படும்."

பிளக்கைக் கழற்றி, டேப்பெட் மூடிகளைத் திறந்து, இடப்பக்கம் மேக்னட்டைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். அதில் 'டி' என்ற குறி, கவரில் இருக்கும் வெட்டுக்கு நேராக வந்து நிற்க வேண்டும். அப்போது பிஸ்டன் உச்சியில் இருக்கும். ஆனால் நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் உச்சிக்கு இரண்டு முறை வருகிறது, ஒருமுறை அமுக்கி முடிக்கும்போது, இன்னொருமுறை புகையைத் தள்ளி முடிக்கும்போது. நமக்கு வேண்டியது முதலாவது. இரண்டு ராக்கரையும் விரலால் ஆட்டிப் பார்த்தேன். இரண்டிலும் இடைவெளி இருந்தது, அப்படியானால் இது முதலாவதுதான். ஹெட்டின் பக்கவாட்டு வட்ட மூடியைக் கழற்றியபோது கேம் பல்சக்கரத்தின் 'ஓ' குறியும் ஹெட்டில் இருக்கும் வெட்டுக்கு நேராக நின்றது.

இனி பல்சக்கரத்தின் போல்ட்டுகள். அண்ணன் என் கையைப் பிடித்து நிறுத்தினார். டைமிங் செயின் போகும் பள்ளத்தை ஒரு சுத்தமான துணியால் அடைத்தார். போல்ட் வழுக்கி உள்ளே விழுந்தால் நேராக இன்ஜின் வயிற்றுக்குப் போய்விடும், அப்புறம் பாதி இன்ஜினைப் பிரிக்க வேண்டும். செயினில் ஒரு கட்டுக்கம்பியைக் கோத்து வெளியே ஹேண்டில் பாரில் முடிச்சுப் போட்டார். "செயின் கீழ நழுவிடக் கூடாது. பச்சைக் குழந்தையைப் பிடிக்கிற மாதிரிப் பிடிங்க."

ராக்கர் பின்னின் மரையில் ஒரு போல்ட்டை ஏற்றி இழுத்தோம், பின் வந்தது. ராக்கர்கள் வந்தன. கடைசியில் பேரிங்கோடு சேர்ந்து கேமும் என் உள்ளங்கைக்கு வந்தது.

ஒரு சாண் நீளம்கூட இல்லை. தண்டில் முட்டை வடிவத்தில் இரண்டு மேடுகள், ஒன்று இன்லெட் வால்வுக்கு, இன்னொன்று எக்ஸாஸ்ட் வால்வுக்கு. புதிய கேமை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதியதில் மேடு கண்ணாடி மாதிரி வழுவழுவென்று எழும்பி இறங்கியது. பழையதில் எக்ஸாஸ்ட் மேட்டின் மூக்கு மழுங்கியிருந்தது. அதன் மேல் நகத்தை ஓட்டினால் கரும்புச் சக்கையைத் தடவுவதுபோல் சொரசொரத்தது. அந்த மேடு எவ்வளவு தேய்கிறதோ அந்த அளவுக்கு வால்வு திறப்பதும் குறையும். புகை முழுசாக வெளியேறாது, வண்டி மேட்டில் திணறும். மூன்று மாதமாக நான் பட்ட பாடு அதுதான்.

கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்றுச் சுற்றும். வண்டி நிமிஷத்துக்கு 6000 சுற்றில் ஓடும்போது கேம் வினாடிக்கு 50 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் வால்வு ஸ்பிரிங்கின் முழு இறுக்கத்தையும் அந்த மேடுதான் தாங்குகிறது. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் இருப்பது ஒரு ஆயில் படலம் மட்டுமே. கேம் இருப்பதோ இன்ஜினின் உச்சியில், ஆயில் பம்ப்பிலிருந்து வெகுதூரத்தில். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கடைமடை வயல்தான் முதலில் காயும்.

புதியதை எடுத்து மாட்டிவிடலாம் என்று நான் கையை நீட்டினேன். அண்ணன் தலையை ஆட்டினார். "ஒரு வருஷத்துல ஒரு கேம் தேயாது தம்பி. இதுக்கு ஆயில் வரல. ஏன் வரலைன்னு பார்க்காம இதை மாட்டினா அடுத்த வருஷம் மூணாவது கேம் வாங்குவீங்க." ஆயிலை வடித்துவிட்டு, வலப்பக்கம் கிக்கரைக் கழற்றி கிளச் கவரைத் திறக்கச் சொன்னார்.

அங்கேதான் இருந்தது. ஆயிலைச் சுழற்றி அழுக்கைப் பிரிக்கும் வட்டக் கிண்ணத்தில் கண்மை மாதிரிக் கெட்டியாகச் சேறு படிந்திருந்தது. கீழே சல்லடையை உருவினேன். கம்பி வலையில் பாதிக்கு மேல் எதுவோ சாம்பல் நிறத்தில் அப்பிக்கொண்டிருந்தது. நகத்தால் கிள்ளி இழுத்தேன், ரப்பர்போல நீண்டுகொண்டே வந்தது. சிலிக்கோன் பேஸ்ட். கவர் மூடும்போது பேக்கிங்குக்குப் பதிலாகத் தாராளமாகப் பிதுக்கியிருக்கிறார்கள். வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிடலாம். உள்ளே பிதுங்கியது பிய்ந்து, ஆயிலோடு சுற்றிச் சுற்றிச் சல்லடையில் வந்து சேர்ந்திருக்கிறது. போன முறை கேமை மாற்றியவர்களின் அவசரமே இந்தக் கேமைத் தின்றிருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது. அண்ணனுக்கு வரவில்லை. "ஒரு நாளைக்குப் பத்து வண்டி முடிச்சாத்தான் வாடகை கட்ட முடியும்கிற கடையில அப்படித்தான் நடக்கும். நானும் ஒரு காலத்துல போட்டிருக்கேன்." சற்றுப் பேசாமல் இருந்தவர், பிறகு சொன்னார்: "சாமானுக்குப் பில்லுல என்ன போட்டிருக்கோ அதைப் பேசாமக் கொடுத்திடுறாங்க. கூலியிலதான் குறைக்கச் சொல்றாங்க. இந்தச் சல்லடையைத் தேடிப் பார்த்த நேரத்துக்குப் பில்லுல இடமே இல்ல."

அந்த வார்த்தை என்னைத் தைத்தது. பல வருஷமாகப் பேரம் பேசியவர்களில் நானும் ஒருவன். அவர் திருப்புளியைக் காதில் வைத்த அந்தக் கால் நிமிஷத்துக்குப் பின்னால் முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட உழைப்பு இருக்கிறது. அதற்கு விலை கேட்க அவருக்கே கூச்சமாக இருக்கிறது. நம் தெருவோர மெக்கானிக்குகளுக்கு நாம் செய்துவரும் பெரிய அநியாயம் இது என்றே நினைக்கிறேன்.

பையன் சல்லடையைக் கழுவிக்கொண்டே கேட்டான், "அண்ணா, பேட்டரி வண்டி வந்துட்டா இதெல்லாம் இருக்காதுல்ல?" 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்ததிலிருந்து கார்புரேட்டர் போய் சென்சார் வந்துவிட்டது, அதைப் படிக்க அவன் மாலையில் வகுப்புக்குப் போகிறான். அண்ணன் சொன்னார், "நான் தொழில் பழகினது டி.வி.எஸ். 50லயும் ஆர்.எக்ஸ். 100லயும். டூ ஸ்ட்ரோக்குல கேமே கிடையாது. கேம் இல்லாத வண்டி எனக்கொண்ணும் புதுசு இல்லடா. நீ கழுவு."

மாட்டுகிற வேலை மதியத்துக்குப் பிறகு. கேமின் மேடுகளிலும் பேரிங்கிலும் விரலால் ஆயில் தடவினோம். மேக்னட்டில் 'டி', சக்கரத்தில் 'ஓ', இரண்டும் நேராக. போல்ட்டை இறுக்கிவிட்டு மூடியை எடுத்தேன். "மூடுறதுக்கு முன்னாடி மேக்னட்டை ரெண்டு சுத்து கையால சுத்துங்க" என்றார். சுற்றினேன். 'டி' நேராக வந்தது, 'ஓ' சற்றே தள்ளி நின்றது. செயினில் தொய்வு இருந்ததைக் கவனிக்காமல் ஒரு பல் தவறவிட்டிருக்கிறேன். ஒரு பல் தவறினாலும் வண்டி கிளம்பத் திணறும், கிளம்பினாலும் இழுக்காது. மறுபடி கழற்றி, செயினை இழுத்துப் பிடித்து, பல்லை மாற்றி வைத்தேன். மறுபடி இரண்டு சுற்று. இரண்டு குறியும் நேராக நின்றன. அப்புறம் டேப்பெட்டுக்கு ஃபீலர் கேஜ். 0.1 மில்லிமீட்டரைக்கூட எட்டாத இடைவெளி. தகடு லேசாகப் பிடித்துக்கொண்டு, வெண்ணெயில் கத்தி போவதுபோல் வர வேண்டும். அந்தப் பிடிப்பு கைக்குத் தெரிய எனக்கு ஏழெட்டு முறை ஆயிற்று. கவர்களுக்குப் பேக்கிங்தான் போட்டோம், பேஸ்ட் ஒரு பொட்டுகூடத் தடவவில்லை.

புதிய ஆயில் ஊற்றிவிட்டு ஒரு டேப்பெட் மூடியை மட்டும் திறந்தபடியே விடச் சொன்னார். கிக்கரை உதைத்தேன். நாலாவது உதையில் பிடித்துக்கொண்டது. அம்மிச் சத்தம் இல்லை. ஆனால் அவர் சத்தத்தைக் கேட்கவில்லை, டார்ச்சை அந்தத் துளைக்குள் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் குனிந்தேன். ராக்கர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, மேலே எல்லாம் காய்ந்தே இருந்தது. பத்து வினாடி, இருபது வினாடி. "இருங்க" என்றார். பிறகு ராக்கரின் ஓரத்தில் ஏதோ மினுமினுத்தது. தேன் நிறத்தில் ஒரு சொட்டு ஊறி வந்து வழிந்தது, பின்னாலேயே இன்னொன்று.

அண்ணன் டார்ச்சை அணைத்துவிட்டு மூடியை என் கையில் கொடுத்தார்.