பூநாரையும் புளிசாதமும்

"கோடியக்கரைதானே போறீங்க? வழியில அகஸ்தியம்பள்ளி ஸ்தூபியைப் பார்க்காம வந்துடாதீங்கடா!"

திருவானைக்காவல் வீட்டு வாசலில் நின்று தாத்தா சொன்னபோது, "ஓகே தாத்தா" என்று மண்டையை ஆட்டினேன். மனசு முழுக்கப் பூநாரைதான். கிளாஸ்ல எல்லாரும் வாயைப் பிளக்கிற மாதிரி ஒரு குளோசப் எடுத்துடணும்! அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதப் பொட்டலங்களோடு விடியக்காலையில் நாலு பேர் பஸ் ஏறினோம். தஞ்சாவூர், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம்... அங்கேர்ந்து இன்னொரு பஸ். அகஸ்தியம்பள்ளி ஜன்னல் வழியா வந்துச்சு, போச்சு. இறங்கலை.

கோடியக்கரை 1967-ல் சரணாலயம் ஆன இடம். வெளிமான்களைக் காப்பாத்தத்தான் ஆரம்பிச்சாங்க. ஒரு பக்கம் காடு, இன்னொரு பக்கம் சேறும் உவர்நீரும். உலகின் முக்கியமான சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2002-ல் சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம் பிடித்த முதல் இடம் இதுதான். முறுக்குக் கொம்போடு ஒரு ஆண் மான் எங்களை முறைச்சுட்டுப் போனது.

சதுப்புக் கரைக்கு வந்தா... அடேங்கப்பா! தூரத்துல வெள்ளையும் ரோஸுமா ஒரு கோடு. அத்தனையும் பூநாரை! அலகைத் தலைகீழாத் தண்ணிக்குள்ள விட்டு, சேற்றை வடிகட்டிச் சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சுங்க. என் மொபைல்ல எல்லாம் புள்ளி புள்ளியாத்தான் தெரிஞ்சுது. "இதுக்கு மேல போகாதீங்க தம்பி"ன்னு வழிகாட்டி அண்ணன் சொல்லியிருந்தார். அவர் அந்தப் பக்கம் திரும்பின நேரம், செருப்பைக் கழற்றிட்டுச் சேற்றில் இறங்கினேன். கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன். மொத்தக் கூட்டமும் எழுந்து பறந்துடுச்சு. போட்டோவில் விழுந்தது வெறும் வானம்.

அண்ணன் திட்டலை. "நீங்க சாப்பிடறப்ப ஒருத்தன் வந்து இலையை இழுத்தா எப்படி இருக்கும் தம்பி? சைபீரியாவிலேர்ந்தெல்லாம் குட்டிக் குட்டி உள்ளான் வருது. இங்கே தின்னு உடம்புல கொழுப்பு சேர்த்தாத்தான் திரும்பிப் போக முடியும். விரட்ட விரட்ட, தின்னதெல்லாம் வீணாப் போகுது" என்றார். திட்டியிருந்தாத் தேவலை!

திரும்பும்போது அகஸ்தியம்பள்ளியில் நானே எல்லாரையும் இறக்கினேன். உப்பு சத்தியாகிரக நினைவு ஸ்தூபி. 1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜி தலைமையில் சுமார் 100 பேர் எங்க திருச்சியிலிருந்து நடந்தே கிளம்பி, 28-ல் வேதாரண்யம் சேர்ந்தாங்க. 30-ம் தேதி இங்கே உப்பு அள்ளினதும் ராஜாஜியைக் கைது பண்ணிட்டாங்க. நாங்க அஞ்சு மணி நேரத்தில் வந்த ஊருக்கு அவங்களுக்குப் பதினஞ்சு நாள்! சோறு போட்டாலோ, தங்க இடம் கொடுத்தாலோ ஜெயில்னு தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டியிருந்தார். அப்படியும் ஊர்க்காரங்க சாப்பாட்டைப் பொட்டலமாக் கட்டி, போகிற வழியில மரக்கிளைகளில் தொங்கவிட்டாங்களாம்.

தூரத்திலேர்ந்து வந்தவங்களுக்கு, ஜெயிலுக்கும் பயப்படாம சோறு போட்ட மண்ணு. அதே மண்ணுல, ஒரே ஒரு போட்டோவுக்காக விருந்தாளிகளைப் பந்தியிலேர்ந்து எழுப்பி விட்டிருக்கேன். மிச்சமிருந்த புளிசாதம் எனக்குத் தொண்டையில் இறங்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தாத்தாவிடம் ஸ்தூபி படத்தைக் காட்டினேன். முகம் மலர்ந்துடுச்சு.

"பறவை படம் எங்கடா?"

"சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு தாத்தா. தொந்தரவு பண்ண வேணாம்னு வந்துட்டேன்."

பொய்தான். அடுத்த ஜனவரியில் மறுபடி போய் அதை உண்மையாக்கணும்!